சங்கு சக்கர எஞ்சினும் காஞ்சிபுரத்துக் குட்டி ரயிலும்

இந்தியாவின் முதல் ரயில் எதுன்னு யாரைக் கேட்டாலும் 1853, பம்பாய் – தாணே என்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கு. அந்த வண்டியை இழுத்த மூணு எஞ்சினுக்கும் சாகிப், சிந்து, சுல்தான்னு பேர் என்பதுகூட வினாடி வினா பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனா அதுக்குப் பதினாறு வருஷம் முன்னாடியே, 1837-ல், நம்ம செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினையும் ஓட்டிப் பார்த்துட்டாங்க. டிக்கெட் வாங்கி ஜனங்க ஏறிப்போன ரயில்னு பார்த்தா பம்பாய்க்குத்தான் முதலிடம், அதில் தகராறு இல்லை. செங்குன்றம் ரயில் கல்லு சுமந்தது. கல்லுக்கு யாரு விழா எடுக்கிறது?

நான் குன்றத்தூர்க்காரன். சேக்கிழார் பிறந்த ஊர், மலை மேல முருகன், கீழே கழனி, பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. எங்க ஊருக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் கிடையாது. ரயிலடிக்குப் போகணும்னா பல்லாவரமோ தாம்பரமோதான். ஆவடியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியா கூடுவாஞ்சேரிக்கு சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு புதுப் பாதைன்னு பத்து வருஷத்துக்கு மேலா ரயில்வே பட்ஜெட் தாளில் ஒரு வரி வந்துக்கிட்டே இருக்கு. இந்தப் பக்கம் பூந்தமல்லியில் இருந்து பரந்தூர் வரைக்கும் மெட்ரோவை நீட்டப்போறதா பேச்சு. ரெண்டில் எது முதலில் வந்தாலும் எங்க பகுதியில் நிலம் எடுப்பாங்க. அப்போ "வேணும்", "வேணாம்"னு ரெண்டு கட்சியா நின்னு கத்துவோம். அதுக்கு முன்னாடி, இந்தச் சுத்துவட்டாரத்தில் ஏற்கெனவே வந்து காணாமப் போன சின்ன ரயில்களைப் பத்திக் கொஞ்சம் பேசிடலாம்னு பார்க்கிறேன். அதில் நமக்கு வேண்டிய சங்கதி நிறைய இருக்கு.

முதலில் செங்குன்றம். சென்னைப் பட்டணம் அப்போ வேகமா வளருது, ரோடு போடக் கல்லு வேணும். கல்லை மாட்டு வண்டியில் கொண்டு வந்தா, வண்டிச் சக்கரமே ரோட்டைக் கிழிச்சுப்போடும். அப்போ மெட்ராஸ் இஞ்சினியர் படையில் இருந்த ஆர்தர் காட்டன் இதுக்கு ஒரு வழி சொன்னார். 1836-ல் சிந்தாதிரிப்பேட்டை பாலத்துக்குக் கிட்ட ஒரு துண்டுப் பாதை போட்டுப் பரீட்சை பண்ணினாங்க. அடுத்த வருஷம் செங்குன்றம் பாதை வந்தது. இன்னிக்கு சிந்தாதிரிப்பேட்டையில் வாட்ச் ரிப்பேர் கடைக்கும் வண்ண மீன் வாங்கவும் போறீங்களே, அந்த இடத்துக்குத்தான் அந்தக் கல்லெல்லாம் வந்து சேரணும்.

எஞ்சின் கதைதான் எனக்குப் பிடிச்சது. நீராவி எஞ்சின்னா நம்ம மனசுல வர்ற படம் என்ன? உருளை, அதுக்குள்ள முன்னும் பின்னும் போற பிஸ்டன், சக்கரத்தோடு சேர்ந்த தண்டு, குப் குப்னு சத்தம். செங்குன்றத்தில் வந்தது அந்த ரகமே இல்லை. அமெரிக்காவில் சிராகியூஸ் என்கிற ஊரில் வில்லியம் ஏவரி என்கிறவர் செஞ்ச சுழல் எஞ்சின். அதோட வேலை எப்படின்னா, தீபாவளிக்கு நாம தரையில் விடுற சங்கு சக்கரம் மாதிரி. உள்ளே குடைவா ரெண்டு கை, நடுவுல அச்சு. கொதிகலனில் இருந்து நீராவி அச்சு வழியா கைக்குள்ள போய், கை நுனியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியா பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். ஆவி ஒரு பக்கம் போக, கை எதிர்ப்பக்கம் சுத்தும். தோட்டத்தில் தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளரும் இதே கணக்குதான். தண்ணி வெளியே போற வேகத்திலேயே தலை தானா சுத்துது பாருங்க.

கேட்க ரொம்ப எளிசா இருக்கு. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, தேயற சாமான் கம்மி. அமெரிக்காவில் மரம் அறுக்கிற மில்லுகளில் இந்த எஞ்சின் கொஞ்ச நாள் ஓடியிருக்கு. ஆனா வண்டி இழுக்கிறது வேற. மில்லில் ரம்பம் ஒரே வேகத்தில், ஒரே திக்கில் சுத்தினா போதும். வண்டி நிக்கணும், மெதுவா கிளம்பணும், பின்னாடியும் வரணும். சங்கு சக்கரத்தைப் பின்பக்கமா சுத்தச் சொன்னா சுத்துமா? ஒரு பக்கமா ஓட்டை போட்ட கை ஒரு பக்கமாத்தான் சுத்தும். திருப்பணும்னா தனியா பல்சக்கரம் வைக்கணும். வேகம் இருந்தாத்தான் அதுக்குச் சக்தி, ஆனா பாரம் ஏத்தின வண்டிக்குக் கிளம்பும்போதுதான் சக்தி வேணும். கூடவே ஆவியைக் கணக்கில்லாமக் குடிக்கும். உலகத்தில் வேற எங்கேயும் ரயில் எஞ்சினா இது நிலைக்கலை. ஆனாலும் கொதிக்கிற தண்ணியால் தண்டவாளத்தில் வண்டி நகரும்னு இந்த மண்ணில் முதலில் காட்டினது இந்த சங்கு சக்கரம்தான்.

காட்டன் பேரைச் சொன்னா ரயில்காரங்களைவிட எங்களை மாதிரி விவசாயிகளுக்குத்தான் அதிகம் தெரியும். செங்குன்றத்தில் தண்டவாளம் போட்ட அதே சமயத்தில்தான் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணை கட்டினார். (அதில் ஒன்பது மதகு 2018 ஆகஸ்ட்டில் அடிச்சிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். கட்டி கிட்டத்தட்ட 180 வருஷம் கழிச்சு.) பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை. ஆந்திராவில் கிராமத்துக்கு கிராமம் அவருக்குச் சிலை வச்சிருக்காங்க. அந்த மனுஷன் பின்னாளில் என்ன பண்ணினார் தெரியுமா? இந்தியா பூரா ரயில் போடக் கோடி கோடியா கொட்டுறாங்களே, அதை வாய்க்காலுக்கும் அணைக்கும் போடுங்கன்னு லண்டன் பாராளுமன்றக் குழு வரைக்கும் போய் வாதாடினார். முதல் தண்டவாளம் போட்ட ஆளே சொல்றார்!

அவர் வாதத்தை என் பாஷையில் சொன்னா இப்படி: ரயில் நெல்லைத் தூக்கிட்டுப் போகும், விளைவிக்காது. வாய்க்கால் ரெண்டும் பண்ணும். அதில் தண்ணியும் ஓடும், படகும் ஓடும். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் அடிச்ச தாது வருஷப் பஞ்சத்தில் ரயில் இருந்தும் லட்சக்கணக்கில் ஜனங்க செத்தாங்க. தானியம் ரயிலேறி வந்தது. வாங்கக் கையில் காசு இல்லை. விளைச்சல் இல்லாதவனுக்குக் கூலி ஏது, கூலி இல்லாதவனுக்குக் கடை ஏது? பக்கிங்ஹாம் கால்வாயை ஒண்ணாச் சேர்க்கிற வேலையே அந்தப் பஞ்சத்தில் கூலிக்காக நடந்ததுதான். இன்னிக்கு அது என்ன கோலத்தில் கிடக்குன்னு பட்டணத்து ஜனங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காட்டன் சொன்னது முழுக்க சரின்னு நான் சொல்ல மாட்டேன். மேட்டு நிலத்துக்கு வாய்க்கால் ஏறாது, ரயில் ஏறும். ஆனா அவர் கேட்ட கேள்வி, தண்ணிக்கு முதலில் வழி விட்டியான்னு, அது எங்க ஊருக்கு அப்படியே பொருந்தும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்போ எங்க மாவட்டத்து ரயில். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் பயணிகள் ரயில் போனது. தென்னிந்தியாவுக்கே அதுதான் முதல். அது அரக்கோணம் வழியா போனதில் காஞ்சிபுரம் தெற்கே 30 கிலோமீட்டர் தள்ளி நின்னு போச்சு. பட்டும் பருத்தியும் நெய்யிற ஊர், வருஷம் பூரா யாத்திரை ஜனம் வந்து போற ஊர், அதுக்கு ரயில் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இந்தியன் டிராம்வே கம்பெனி. 1862-ல் லண்டனில் ஆரம்பிச்ச கம்பெனி. 1865 மே மாசம் அரக்கோணம் – காஞ்சிபுரம் பாதையைத் திறந்தாங்க. 19 மைல்.

டிராம்வேன்னு பேர் வச்சது விஷயத்தோடதான். பெரிய கம்பெனிகளுக்கு அப்போ அரசாங்கம் நூத்துக்கு அஞ்சு வட்டி உத்தரவாதம் கொடுத்தது. நஷ்டம் வந்தா நம்ம வரிப்பணத்தில் லண்டன் பங்குதாரருக்கு வட்டி போகும். அதனால் யாருக்கும் செலவைப் பத்திக் கவலை இல்லை, பங்களா மாதிரி ஸ்டேஷன் கட்டினாங்க. இந்தக் குட்டிக் கம்பெனிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, கொஞ்சம் மானியம் மட்டும்தான். அதனால் எல்லாத்தையும் சிக்கனமாப் போட்டாங்க. பெரிய ரயிலுக்குத் தண்டவாள இடைவெளி அஞ்சரை அடின்னா, காஞ்சிபுரத்துக்கு மூணரை அடி. மெல்லிசான தண்டவாளம், சின்ன வண்டி, சின்ன எஞ்சின்.

இந்த மூணரை அடி ஏதோ கிராமத்துக்குன்னு ஒதுக்கின மட்டமான அளவுன்னு நினைச்சிடாதீங்க. இந்தப் பாதைக்கு இஞ்சினியரிங் ஆலோசனை சொன்ன சர் சார்லஸ் ஃபாக்ஸ், லண்டனில் 1851 கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை கட்டினவர். அவர் கம்பெனியே ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாகாணத்துக்கும் இதே மூணரை அடியில் யோசனை சொன்னது. அங்கே முதல் பாதை திறந்தது 1865 ஜூலை கடைசியில். காஞ்சிபுரத்துக்கு ரெண்டரை மாசம் பின்னாடி! அப்புறம் ஜப்பான் 1872-ல் இதே அளவைத்தான் எடுத்தது. தென்னாப்பிரிக்காவும் எடுத்தது. இன்னிக்கும் ஜப்பானில் புல்லட் ரயில் தவிர்த்த பெரும்பாலான ரயில் மூணரை அடியில்தான் ஓடுது. நம்ம ஊரில் மட்டும் அது பதிமூணு வருஷம்கூட தாக்குப் பிடிக்கலை.

காரணம் எஞ்சினோட கோளாறு இல்லை. அந்த 67 மில்லிமீட்டர்தான்.

1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபு, இனி சின்னப் பாதைகளெல்லாம் ஒரு மீட்டர் அளவில்தான் போடணும்னு முடிவு பண்ணினார். இந்தியா சீக்கிரம் மெட்ரிக் அளவைக்கு மாறப்போகுதுன்னு அப்போ ஒரு நினைப்பு. (மாறினது சுதந்திரத்துக்கு அப்புறம், 1950-களின் கடைசியில். ஆனா ரயில் மட்டும் மாறிடுச்சு.) காஞ்சிபுரம் பாதை 1,067 மில்லிமீட்டர். மீட்டர் பாதை 1,000. நாலு விரக்கடை அகலம்தான் வித்தியாசம். ஆனா நாலு விரக்கடைன்னாலும் ஒரு எஞ்சின்கூட, ஒரு பெட்டிகூட அந்தப் பாதையில் நிக்காது. நடுவுல கம்பெனி கர்நாடிக் ரயில்வேன்னு பேர் மாத்திக்கிட்டு, 1874-ல் தென்னிந்திய ரயில்வேயோடு கலந்தது. 1878-ல் மூணரை அடிப் பாதையை மீட்டர் பாதையா மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் செங்கல்பட்டு வரைக்கும் நீட்டினாங்க. இதில் கூத்து என்னன்னா, நாகப்பட்டினம் – திருச்சிப் பக்கம் நல்லா இருந்த அகலப் பாதையையே அதே காலத்தில் பிடுங்கி மீட்டர் பாதையா குறுக்கினாங்க. நூறு வருஷம் கழிச்சு மறுபடி எல்லாத்தையும் அகலமாக்கினது நம்ம காலத்திலேயே நடந்தது. அடுக்களையில் பாத்திரம் இடம் மாத்துற மாதிரி.

சின்ன எஞ்சினோட சௌகரியத்தையும் சொல்லணும். கிளைப் பாதைகளுக்குன்னு செய்யிற டாங்க் எஞ்சின் தன்னோட தண்ணியையும் விறகையும் தன் மேலேயே சுமக்கும், பின்னாடி தனி வண்டி வேணாம். முன்னாடி போற மாதிரியே பின்னாடியும் போகும். அதனால் கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைத் திருப்ப வட்ட மேடை கட்ட வேண்டியதில்லை. உழவு மாட்டை வரப்போரம் திருப்ப இடம் விடணும், டிராக்டருக்கு இன்னும் அதிகம் விடணும். இதுக்கு அந்த வம்பே இல்லை.

விறகுன்னு சொன்னேன், நிலக்கரின்னு சொல்லலை, கவனிச்சீங்களா? அந்தக் காலத்தில் தென்னாட்டு எஞ்சின்கள் பெரும்பாலும் விறகுதான் தின்னது. இங்கிலாந்தில் இருந்து கப்பலில் கரி வந்தா கட்டுபடி ஆகாது. சுத்துவட்டார காடெல்லாம் எஞ்சின் வயித்துக்குள்ள போனது. காடு குறைஞ்சதும் என்ன பண்ணினாங்க? செங்கல்பட்டு ஜில்லா கடற்கரை மணலில் சவுக்கு நட ஆரம்பிச்சாங்க. சீக்கிரம் வளரும், நல்லா எரியும். நீங்க ஈ.சி.ஆரில் போகும்போது ஜன்னல் வழியா பார்க்கிற சவுக்குத் தோப்பு இந்தப் பக்கம் பரவினதில் ரயிலுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. எஞ்சின் போச்சு, தண்டவாளம் மாறிச்சு, சவுக்கு நின்னுபோச்சு. இப்போ அது பேப்பர் மில்லுக்கும் கட்டடத்துக்குச் சாரம் கட்டவும் போகுது. எங்க பங்காளிகளில் ரெண்டு பேர் கழனியில் நெல்லை விட்டுட்டு சவுக்கு போட்டிருக்காங்க, ஆள் கூலி மிச்சம்னு.

சின்னப் பாதையோட பெரிய வியாதி ஒண்ணு உண்டு, சரக்கு மாத்துறது. காஞ்சிபுரத்தில் ஏத்தின மூட்டையை அரக்கோணத்தில் இறக்கி, அகலப் பாதை வண்டியில் மறுபடி ஏத்தணும். காய்கறி, பழம், பூ வியாபாரம் பண்றவனுக்குத்தான் தெரியும், ஒரு தரம் இறக்கி ஏத்தினா எவ்வளவு நசுங்கும்னு.

இதுக்கு ஒரு ஆள் தீர்வு கண்டுபிடிச்சார், எவரார்ட் கால்த்ராப்னு ஒரு இங்கிலீஷ் இஞ்சினியர். மகாராஷ்டிராவில் பார்சி லைட் ரயில்வேன்னு 1897-ல் ரெண்டரை அடிப் பாதை போட்டார். அவர் கணக்கு, எந்த அச்சிலும் அஞ்சு டன்னுக்கு மேல பாரம் விழக்கூடாது. எஞ்சின் கனமா இருந்தா சக்கரத்தைக் கூட்டு, பாரத்தைப் பரப்பு. சேத்து உழவில் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுறோமே, அதே புத்தி. அங்கே கத்துக்கிட்டதை இங்கிலாந்துக்கே எடுத்துட்டுப் போய் 1904-ல் லீக் அண்ட் மேனிஃபோல்ட்னு ஒரு கிராமத்து ரயில் போட்டார். அதுக்கு வந்த ரெண்டு எஞ்சினும் பார்சி எஞ்சினோட தம்பிகள்தான். இந்தியாவில் மாட்டுற மாதிரியே பெரிய முகப்பு விளக்கெல்லாம் வச்சு வந்தது. அங்கே பால்தான் முக்கியச் சரக்கு. பெரிய ரயில் பெட்டியை அப்படியே சின்னப் பாதையில் சுமந்துட்டுப் போற தட்டு வண்டி ஒண்ணு பண்ணினார், இறக்குற ஏத்துற வேலையே இல்லை. பால் பெட்டி கெடாம லண்டன் போச்சு. அப்படிப்பட்ட ரயிலும் 1934-ல் மூடிட்டாங்க. அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த பால் பண்ணை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மூடினதுதான் காரணம். விவசாயி சரக்கு இல்லைன்னா கிராமத்து ரயிலுக்கு வயிறு ரொம்பாது. தண்டவாளத்தை எடுத்த இடம் இப்போ நடைபாதை.

நம்ம பக்கம் நடைபாதைகூட மிஞ்சலை. மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906-ல் ரெண்டரை அடிப் பாதை போட்டாங்க, பஞ்சம் வந்தா தானியம் கொண்டு போகன்னு. பிறகு அதை ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கு அதே மாதிரி இன்னொரு பாதை. ரெண்டாம் உலகப்போர் வந்தது. 1941-ல் ஓசூர் பாதையை மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கிப் போர் வேலைக்கு அனுப்பிட்டாங்க. கிருஷ்ணகிரி பாதையும் போச்சு. விளைவு என்னன்னா, கிருஷ்ணகிரி இன்னிக்கு மாவட்டத் தலைநகர், ரயில் கிடையாது. மாங்காய்க்கும் மாம்பழக் கூழுக்கும் பேர்போன ஊரில் எல்லாமே லாரியில்தான். ஓசூருக்கு சேலம் – பெங்களூர் பாதை வந்தது 1960-களில். மொரப்பூர் – தர்மபுரி 36 கிலோமீட்டரை மறுபடி போட 2019-ல் அடிக்கல் நாட்டினாங்க. பழைய பாதை போன இடத்தில் இப்போ வீடு, கடை, ரோடு. அன்னிக்குத் தண்டவாளம் எடுத்தாலும் நிலத்தை மட்டும் ரயில் பேரில் காலியா வச்சிருந்தா இன்னிக்குப் புதுசா யார் கழனியையும் கேக்க வேண்டாம். மயிலாடுதுறை – தரங்கம்பாடியும் இப்படித்தான். 1926-ல் வந்தது, 1986-ல் நின்னது. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போறவங்க எல்லாரும் இப்போ வேன் பிடிச்சுத்தான் போறாங்க.

காஞ்சிபுரம் பாதை பிழைச்சுக்கிட்டது. சின்ன எஞ்சின் போனாலும் தடம் அங்கேயே இருக்கு, அகலமாகி, மின்கம்பி ஏறி. அரக்கோணம், தக்கோலம், திருமால்பூர், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு. இன்னிக்கு அந்தப் பாதையில் வாலாஜாபாத் ஸ்டேஷனில் போய் நின்னு பாருங்க. எங்க பக்கத்து தொழிற்சாலைகளில் செய்யிற காருங்க வரிசையா ரயிலேறி வடக்கே போகும். அதில் சில பெட்டிகளை உத்துப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கும். அதெல்லாம் ஒரு காலத்தில் ஜனங்க உக்காந்து போன பெட்டி. வயசான பயணிகள் பெட்டியில் சீட்டை எல்லாம் எடுத்து, ஜன்னலை அடைச்சு, கடைசியில் கதவு வச்சு கார் ஏத்துற பெட்டியா மாத்தறாங்க. என்.எம்.ஜி.ன்னு அதுக்குப் பேர். பெரம்பூரில் மனுஷனுக்காகச் செஞ்ச பெட்டியில் இப்போ கார் உக்காந்து டெல்லி போகுது. அந்தக் காரைச் செஞ்ச பையன் நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ஸில் வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டில் டிரெய்லர் லாரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறான்.

கார் ரயிலில் போறதைத் தப்புன்னு சொல்லலை. ஒரு ரயில் போனா எத்தனை லாரி ரோட்டில் குறையும்! நல்லதுதான். என் கேள்வி வேற. 1837-ல் கல்லுக்கு ரயில் போட்டாங்க. போர் வந்தப்போ ரயிலையே போருக்கு எடுத்துக்கிட்டாங்க. இப்போ காருக்கு. எங்க கீரைக் கட்டுக்கு எப்போ?

எங்க தெருவில் ஒரு அக்கா இருக்காங்க, கீரை போடறவங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, அரைக்கீரையும் சிறுகீரையும் கட்டுக் கட்டி ஈரச் சாக்கில் சுத்தி, நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பிடிச்சு கோயம்பேடு போறாங்க. கீரை வித்த காசில் வண்டி வாடகை, இறக்குக் கூலி, டீ எல்லாம் போக மிஞ்சறதைக் கேட்டா நீங்க கீரை வாங்கும்போது பேரம் பேச மாட்டீங்க. இதே திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்து ஜனங்களைப் பாருங்க. பூக்கூடையும் காய் மூட்டையுமா முதல் லோக்கல் ரயிலில் வெண்டர் பெட்டியில் ஏறி பட்டணத்துக்கு வந்துடறாங்க. தூரம் எங்களைவிட அதிகம், செலவு கம்மி. ஒரு பெட்டி இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் இவ்வளவு வித்தியாசம்.

எங்க மாடியில் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் வாடகைக்கு இருக்கான், ஒரகடத்தில் வேலை. ஒருநாள் கேட்டான்: "அண்ணே, ரயில் வந்தா உங்க நிலத்துக்கு ரேட்டு ஏறுமே, நீங்க ஏன் யோசிக்கிறீங்க?"

"ரேட்டு ஏறுறது விக்கிறவனுக்கு, தம்பி. பயிர் வைக்கிறவனுக்கு என்ன ஏறும்?"ன்னேன்.

"தண்ணி ஏறும்ணே"ன்னு சிரிச்சான். கிண்டலாத்தான் சொன்னான், ஆனா விஷயம் அதேதான்.

2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்தில் இருந்து 29,000 கன அடி திறந்தப்போ அடையாறு கரை என்ன ஆச்சுன்னு நீங்க டி.வி.யில் பார்த்தீங்க, நாங்க திண்ணையில் இருந்து பார்த்தோம். எங்க பகுதி பூரா ஏரியும் தாங்கலும் ஒண்ணுக்கு ஒண்ணு கலங்கல் வழியா கோத்த மாலை மாதிரி. மேல் ஏரி ரொம்பினா வழிஞ்சு கீழ் ஏரிக்குப் போகும். இதுக்குக் குறுக்கே ஒரு மண்மேடு போட்டா மாலை அறுந்தது. ரயில் பாதைன்னா மண்மேடுதான், ரோடும் அப்படித்தான். சில வருஷம் முன்னாடி எங்க பெரியப்பா கழனிக்கு மேல்பக்கம் ஒரு ரோடு வந்தது. வாய்க்கால் போற இடத்தில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைச்சுட்டு, தண்ணி போக வழி விட்டாச்சுன்னு கணக்கு எழுதிட்டாங்க. சம்பாவில் மேல்பக்கம் பயிர் முழுகும், கீழ்பக்கம் நவரைக்குத் தண்ணி வராது. மனு கொடுத்தோம். அளந்துட்டுப் போனாங்க. குழாய் அப்படியேதான் இருக்கு.

அதனால் ஆவடி – கூடுவாஞ்சேரி பாதை வரட்டும். நான் வேணும் கட்சி. ஆனா கொடி பிடிக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுத்தில் வேணும். கோடு போடும்போது வருவாய்த் துறையோட பழைய கிராம வரைபடத்தைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரத்துக் கால்வாய்க்கும் குழாய் இல்லாம, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குப் பாலம் வைக்கணும். சரக்கு ரயில் ஓட ஆரம்பிக்கிற அன்னிக்கே பயணிகள் ரயிலும் ஓடணும். தொழிற்பேட்டை வாசலில் மட்டும் ஸ்டேஷன் வைக்காம, நடுவுல இருக்கிற கிராமங்களுக்கும் ரெண்டு மூணு சின்ன நிறுத்தம் வேணும். பங்களா வேணாம், ஒரு மேடையும் கூரையும் போதும். காலை முதல் வண்டியில் வெண்டர் பெட்டி இருக்கணும். கோயம்பேட்டுக்கு நேரா ரயில் போகாது, தெரியும். அம்பத்தூர், வில்லிவாக்கம், தாம்பரம் சந்தைகளுக்குப் போனாலே எங்களுக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

எடுக்கிற நிலத்துக்கு 2013-ம் வருஷச் சட்டம் கிராமப்புறத்துக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாக் கொடுக்கச் சொல்லுது. சந்தை விலைன்னா சார்பதிவாளர் ஆபீசு புத்தகத்தில் இருக்கிற விலையா, பக்கத்து மனைக்காரன் கொடுத்த விலையான்னு சண்டை வரும். அது தனிப் பதிவுக்கு ஆகிற விஷயம், இதில் இழுக்கலை.

இதைப் படிக்கிறவங்க நிறைய பேர் ஐ.டி.யிலும் கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறவங்க, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் தினம் ரெண்டு மணி நேரம் நிக்கிறவங்க. ரயில் வேணும்னு நீங்க மனு எழுதும்போது உங்க பேச்சுக்கு எங்க பேச்சைவிட மரியாதை அதிகம். எழுதுங்க. அதில் பாலத்துக்கு ஒரு வரி, வெண்டர் பெட்டிக்கு ஒரு வரி சேர்த்துடுங்க. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் மீன் வாங்கப் போனா, நம்ம மாகாணத்து முதல் தண்டவாளம் இங்கேதான் கிடந்ததுன்னு பிள்ளைகளுக்குக் காட்டுங்க. சங்கு சக்கரக் கதையையும் சொல்லுங்க, நல்லா சிரிப்பாங்க.